சுப்பீரியர் ஏரியில் ஒரு தூண்டில்

ஏரி என்றவுடன் நமக்கு நினைவிற்கு வருவன கரையும் மதகும் கலிங்கும், கோடையில் வெடித்துக் கிடக்கும் வண்டலும், அவ்வண்டலிற் கிட்டிப்புள் ஆடும் சிறுவருமேயாவர். ஆகவே, அமெரிக்க ஐக்கிய நாட்டில், மின்னெசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் வாழும் என் தாய்மாமன், "ஏரியில் மீன்பிடிக்கப் போவோம், வா" என்று அழைத்தபோது, யான் அதனைப் பெரியதொரு செயலாகக் கருதினேன் அல்லேன். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அந்நகரத்துக் குன்றின்மீது நின்று சுப்பீரியர் ஏரியை முதன்முறை கண்டபொழுதுதான், ஏரி என்னும் நம் சொல் அதற்குச் சிறிதும் பொருந்தாதென்பது விளங்கிற்று. எதிர்க்கரை தோன்றவில்லை. அதன் பரப்பு ஏறத்தாழ 82,100 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவு முழுவதையும் அதனுள் இறக்கி வைத்தாலும் இடம் எஞ்சும். மிக்க ஆழமுள்ள இடத்தில் 406 மீட்டர் ஆழம். அந்நிலத்தின் தொல்குடிகளாகிய ஒஜிப்வே மக்கள் அதனைக் 'கிச்சிகாமி' என்பர். பெருங்கடல் என்பது பொருள். பெயரிடும் வகையறிந்தவர் அவரே.

நிற்க. மாமாவின் படகைப் பற்றிக் கூற வேண்டும். அதனைக் கயாக் என்பர். வடதுருவத்தை அடுத்து வாழும் இனூயிட் மக்களின் சொல் அது. அவர்கள் அமைத்த பழைய கயாக், தோலால் மூடப்பட்டு, ஒருவர் இடைவரை உள்ளே நுழைந்து அமரத்தக்க துளையொன்று உடையது. மாமாவிடம் இருந்தவை இரண்டும் அவ்வகையின அல்ல; பிளாஸ்டிக்கினால் வார்த்த, மேலே அமர்ந்து செலுத்தும் வகையின. ஏறிய நீர் தானே வழிந்து போகுமாறு அவற்றின் அடிவரை துளைகள் இருந்தன. கண்டவுடன் எனக்கு நகைப்பு உண்டாயிற்று. "மாமா, இது பாட்டாவின் கட்டுமரம் அன்றோ!" என்றேன். குளச்சலுக்கு அண்மையிலுள்ள எங்கள் ஊரில் என் பாட்டனார் கட்டுமரம் ஏறித் தொழில் செய்தவர். மரங்களின் இடுக்கில் நீர் ஏறும், இறங்கும். மூழ்குதற்கு அதில் உள்ளறை ஏதுமில்லை. ஆங்கிலேயர் நம் சொல்லை எடுத்துக் 'கட்டமரன்' என்றாக்கி, இரட்டை அடியுடைய வேறொரு கலத்திற்குச் சூட்டிவிட்டனர். அது தமிழ் மாணவனுக்குப் பெருமையும் வருத்தமும் ஒருங்கே தரும் செய்தி.

மாமா நகைத்தாரில்லை. "கட்டுமரந்தான், மருமகனே. ஆனால் தண்ணீர் வேறு" என்றார்.

அந்த வேற்றுமையை அவர் சொல்லால் யான் அறிந்துகொள்ளவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன். அன்று வெயில் இனிதாயிருந்தது. காற்றின் வெப்பம் 24 பாகை. நீரின் வெப்பமோ 6 பாகையே. மாமா ஓர் உடையைக் கொணர்ந்தார். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பற்றும் இரப்பர் வளையங்களோடு, நீர் சிறிதும் புகாதவாறு தைத்த முழு உடை அது. உள்ளே கம்பளிச் சட்டை. மேலே மிதவைச் சட்டை. அணிந்த ஐந்து நிமிடத்தில் வியர்வை பெருகிற்று, கழுத்து நெரிந்தது. "காற்றைப் பார்த்து உடுப்பவன் கரையில் நிற்பவன், நாம் தண்ணீரைப் பார்த்து உடுக்க வேண்டும்" என்றார் மாமா. அதன் பின்னும் படகு செலுத்த விட்டாரில்லை. மார்பளவு நீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, அதனை நிமிர்த்தி, குறுக்காக மார்பை ஏற்றி, காலால் நீரை உதைத்து, புரண்டு அமரும் பயிற்சியைப் பத்து முறை செய்வித்தார். கடலில் நீந்தி வளர்ந்த எனக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகவே தோன்றிற்று.

மறுநாட்காலை மாமா வண்டியிலிருந்து துடுப்புகளை எடுத்து வருமுன், யான் அவ்வுடையைக் களைந்துவிட்டு, அரைக்காற்சட்டையும் மிதவைச் சட்டையும் மட்டும் அணிந்து, படகைச் சிறிது தூரம் தள்ளிச் சென்று குதித்தேன். ஏறிக் காட்டி அவரை வியப்பிக்க வேண்டும் என்பது எண்ணம்.

குதித்த கணத்தில் என் வாய் தானே திறந்தது. மூச்சை யான் இழுக்கவில்லை. அது என்னைக் கேளாமலே உள்ளே பாய்ந்தது. மிதவைச் சட்டை தலையை மேலே தாங்கியிராவிடின் மூச்சுடன் நீரும் புகுந்திருக்கும். கூவ முயன்றேன், குரல் எழவில்லை. மூச்சு ஒருவாறு தணிந்தபின் படகைப் பற்றினேன். முதன்முறை ஏறுகையில் வழுக்கிற்று. இரண்டாம் முறை விரல்கள் மடங்கவில்லை. என் கைகள் வேறொருவருடைய கைகள் போலத் தோன்றின. மூன்றாம் முறை யான் முயலவேயில்லை. மாமா ஓடி வந்து சட்டையின் தோட்பட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். நீரில் இருந்தது சில நிமிடங்களே. கரையில் அரைமணி நேரம் பல் கிட்டி நடுங்கினேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை, கம்பளியைப் போர்த்திவிட்டு எனக்குக் கணக்குக் கற்பித்தார். கனடா நாட்டு மானிட்டோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்பார் குளிர்நீரில் தாமே பன்முறை இறங்கி ஆராய்ந்தவர். அவர் கூறுவது இது: வீழ்ந்தவனுக்கு மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் ஏவல் கேட்க 10 நிமிடம், உடற்சூடு குன்றி உணர்விழக்க ஏறக்குறைய 1 மணி நேரம். குளிரால் விறைத்து மாள்வதாகவே பலரும் எண்ணுவர். முதல் நிமிடத்திலேயே நீரை உட்கொண்டு மாள்பவர் பலர் என்பதை அறியார். நீச்சல் வல்லமை அந்த ஒரு நிமிடத்திற்குப் பயன்படுவதேயில்லை. அன்று முதல் அந்த இரப்பர் வளையம் கழுத்தை நெரிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி மீனைப் பற்றி. நாங்கள் நாடியது லேக் டிரவுட் என்னும் குளிர்நீர் மீன். இம்மீன் ஒரு காலத்தில் அழிவின் விளிம்பை எட்டியது. லாம்ப்ரே என்னும் விலாங்கு போன்ற உயிரொன்று, கப்பற்கால்வாய் வழியே உள்நாட்டு ஏரிகளிற் புகுந்து, 1938இல் சுப்பீரியர் ஏரியிற் காணப்பட்டது. அது வட்டவாயால் மீனைக் கவ்விக் குருதியை உறிஞ்சும். லாம்ப்ரேயின் குஞ்சுகள் வளரும் ஓடைகளில், அவற்றையே பெரும்பாலும் கொல்லும் மருந்தொன்றை 1958 முதல் இட்டு வந்தமையால் டிரவுட் மீண்டது. இன்றும் அம்மருந்து இடப்படுகின்றது. நிறுத்தினால் பகை மீளும்.

நாங்கள் விடியற்காலையிற் புறப்படுவோம். புறப்படுமுன், எங்கே இறங்குகின்றோம், எத்தனை மணிக்கு மீள்வோம் என்று தாளில் எழுதி மாமியிடம் கொடுப்பது மாறா வழக்கம். வானிலை நிலையத்தார் கரையோர நீர்ப்பரப்பிற்கென்று தனியே விடுக்கும் அறிவிப்பைப் படித்த பின்னரே படகு வண்டியேறும். மிதவைச் சட்டையில் ஊதுகுழலும், நீர் புகா வானொலிக் கருவியும் இருக்கும். அக்கருவியின் 16ஆம் அலைவரிசை ஆபத்துக் குரலுக்கு உரியது. துடுப்பு, தூண்டிற்கோல், கத்தி ஆகிய யாவும் படகோடு கயிற்றாற் பிணைக்கப்பட்டிருக்கும். பிணைக்கப்படாதவர் நாங்கள் இருவரே.

அவ்வடகரையில் ஆழம் விரைவில் மிகும். ஒன்றரைக் கிலோமீட்டர் செல்லுமுன்னரே 30 மீட்டர் ஆழம் வந்துவிட்டது. படகின் அடியிலிருந்து ஒலியனுப்பி எதிரொலியால் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவியில், தரையையொட்டி வில்போன்ற கோடுகள் தெரிந்தன. கனத்த ஈயத்தூண்டிலைத் தரைமட்டும் இறக்கி, ஒரு முழம் உயர்த்தி, தாழவிட்டு, மறுபடி உயர்த்தினோம். விழும்போதே மீன் கவ்வும். கயிறு தளர்ந்தால் அதுவே குறி. முதலிற் கிடைத்த மீன் இரண்டு கிலோ இருக்கும். ஆழத்திலிருந்து எழும் டிரவுட் தன் காற்றுப்பையிலுள்ள காற்றை வாய்வழியே விடவல்லது. ஆதலால் மீன் தோன்றுமுன் நீரிற் குமிழிகள் எழும். மாமா அவற்றைக் கண்டே வலையை எடுத்தார். அன்றிரவு அம்மீன் மாமியின் கையால் தேங்காய் அரைத்த குழம்பாயிற்று. எண்ணெய்ப்பசை மிக்கது, புளி சற்றுக் கூட வேண்டும்.

ஆனால் அக்குழம்பிற்கு முன் நிகழ்ந்ததொன்றுண்டு. ஒன்பது மணியளவில் என் தூண்டிலை மற்றொன்று கவ்விற்று. கோல் வளைந்து நீரைத் தொட்டது. படகு திரும்பி மீன் இழுத்த பக்கம் சென்றது. என் வாணாளில் அத்தகைய களிப்பை அறிந்ததில்லை. அப்பொழுது மாமா கரைமரங்களை நோக்கினார். அவற்றின் நுனிகள் எங்கள் பக்கம் சாய்ந்திருந்தன.

"கயிற்றை அறு" என்றார்.

நீர் எங்களைச் சுற்றி அமைதியாகவே இருந்தது. கரைக்காற்றின் வஞ்சகம் அதுவே. குன்றும் மரமும் மறைப்பதால் கரையோரம் அலை எழாது. தூரஞ் செல்லச்செல்லக் காற்றும் அலையும் வளரும். நம் ஊரிற் கட்டுமரத்தார் இரவுக் கரைக்காற்றிற் சென்று, பிற்பகற் கடற்காற்றில் மீள்வர். அங்கோ வடமேற்குக் காற்று எழுந்தால் நாள் முழுதும் கரையினின்றே வீசக்கூடும். எதிரே விஸ்கான்சின் கரை பன்னெடுந்தொலைவு.

"மாமா, குமிழி வருகின்றது, இன்னும் சிறிது..." என்றேன்.

"அறு, மருமகனே!"

அவர் குரல் உடைந்திருந்தது. என் அன்னைக்கும் அவருக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தார். யான் பிறக்குமுன்னரே ஒரு நாள் கடலுக்குச் சென்று மீளாதவர். வீட்டில் அவரைப்பற்றிப் பேசுவதில்லை. யான் கத்தியை எடுத்தேன்.

வரும்போது இருபது நிமிடத்திற் கடந்த தூரத்தை மீளும்போது ஒன்றேகால் மணி நேரத்திற் கடந்தோம். துடுப்பை ஒரு கணம் நிறுத்தினால் படகு பின்னே சென்றது. முகத்தில் தெறித்த நீர் ஊசி போற் குத்திற்று. மாமா எனக்குக் காற்று வரும் பக்கமாகவே படகைச் செலுத்தி வந்தார். கரையேறியபின் இருவரும் கல்லின்மீது பேசாதிருந்தோம். நடு ஏரியில் வெண்ணுரைகள் நிரைநிரையாய் எழுந்து கொண்டிருந்தன.

இரவு பாட்டனாருடன் தொலைபேசியிற் பேசினேன். யாவற்றையும் கேட்டுவிட்டு, "காற்று கரையிலிருந்தா, மக்களே?" என்றார். ஆம் என்றேன். நெடுநேரம் மறுமொழி இல்லை. பின்பு, "உன் மாமனிடம் போனைக் கொடு" என்றார். தந்தையும் மகனும் தணிந்த குரலிற் பேசினர். யான் அடுக்களைக்குச் சென்றுவிட்டேன். மீளவும் அழைத்து, "சரி, அறுத்துவிட்ட மீன் எவ்வளவு பெரிது?" என்று வினவினார்.

"நான் அதைக் காணவில்லை, பாட்டா. குமிழியை மட்டுந்தான் கண்டேன்" என்றேன்.