1.316 விநாடி

அப்பாவுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைப்பேசியை மேசையில் வைத்து அழுத்தினேன்.

"ம், போடு" என்றார்.

"போட்டாச்சுப்பா."

"என்னாத்த போட்ட? நாய் கொலைச்ச மாதிரிதான் இருந்திச்சு" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

பாட்டின் பெயர் 'யூ சஃபர்'. பாடியவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கத்து நேப்பாம் டெத் குழு. நீளம் 1.316 விநாடி. உலகத்திலேயே மிகக் குறுகிய பாட்டு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மொத்தம் நான்கே ஆங்கிலச் சொற்கள். கஷ்டப்படுகிறவனிடம் காரணம் கேட்கின்றன, அவ்வளவுதான். அந்த நான்கும் காதில் தனித்தனியாக விழாது. கிட்டாரும் டிரம்மும் ஒரே இடியாக இறங்க, மேலே ஒரு உறுமல். சொல் இருக்கிறது என்பதே உறையைப் படித்தால்தான் தெரியும்.

பல்கலைக்கழக விடுதியில் என் அறையில் இருந்த மூவார் மலாய்க்காரப் பையன்தான் இதை அறிமுகப்படுத்தினான். விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு வருடம் எனக்குக் குறுஞ்செய்தி வந்தால் இந்த உறுமல்தான். மின்பொறியியல் படித்த திமிரில் ஒலிக்கோப்பைத் திறந்து எண்ணிக்கூடப் பார்த்தேன். குறுந்தகட்டுக் கணக்கில் விநாடிக்கு 44,100 மாதிரிகள். மொத்தப் பாட்டும் 58,000 சொச்சம்தான். இப்போது செடெனாக்கில் ஒரு தரவு மையத்தில் இரவு வேலை பார்க்கிறேன். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எழுந்து வர பத்து விநாடி பிடிக்கும். அந்த இடைவெளியில் ஏழு தடவை பாடி முடித்துவிடலாம்.

வேடிக்கை என்று நினைத்தது தப்பும் இல்லை. பாடியவர்களுக்கே அது பாதி வேடிக்கைதான். 1981-இல் பதின்ம வயதுப் பையன்கள் பள்ளிக்கூடக் காலத்திலேயே தொடங்கிய குழு அது. ஸ்பார்க்புரூக்கில் மெர்மெய்ட் என்ற மதுக்கடையின் மாடியில் உள்ளூர்ப் பையன்கள் முன்னால் வாசிப்பார்கள். இந்தப் பாட்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துச் சிரித்திருக்கிறார்கள். 1986 ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் அதைப் பதிவு செய்தபோது பாடியவர் நிக் புல்லன், கிட்டார் ஜஸ்டின் பிராட்ரிக், டிரம் மிக் ஹாரிஸ். பிராட்ரிக்குக்கு அந்த வருடம்தான் 17 வயது. அடுத்த வருடம் இயரேக் வெளியிட்ட 'ஸ்கம்' இசைத்தட்டில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு இது. தட்டைத் திருப்பினால் ஏறக்குறைய வேறொரு குழு வாசிக்கிறது. இரண்டு பக்கத்திலும் இருப்பவர் ஹாரிஸ் மட்டும். பிபிசி வானொலியில் ஜான் பீல் இவர்களைப் பிடித்துக்கொண்டு போட்டுப் போட்டு நாடெங்கும் தெரியவைத்தார். 1989-இல் இது தனி இசைத்தட்டாகவே வந்தது, மறுபக்கம் எலெக்ட்ரோ ஹிப்பீஸ் குழுவின் அதே அளவுக் குட்டிப் பாட்டோடு. ஏழு அங்குலத் தட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து மூச்சு விடும் நேரம்.

சிரிப்பு நின்றது வேறு இடத்தில். ஒரு இரவு வேலையின் நடுவில் பர்மிங்ஹாம் வரைபடத்தை மேய்ந்துகொண்டிருந்தேன். எம்6 நெடுஞ்சாலை ஓரம் 'ஃபோர்ட் டன்லப்' என்று ஒரு பெயர். டன்லப் என்றால் டயர், எங்களுக்குத் தெரியாத பெயரா? 1910 வாக்கிலேயே மலாயாவில் ரப்பர்த் தோட்டம் போட்ட கம்பெனி. முதல் உலகப்போர் சமயத்தில் எழும்பிய அந்தத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்திருக்கிறார்கள். என் பாட்டி பால் வெட்டிய தோட்டம் டன்லப்புடையது இல்லை. ஆனால் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் மரம் மரமாகப் போய் வாளி சுமந்த பால் எங்கே போகிறது என்று பாட்டி கேட்டிருந்தால், 'சீமைக்கு' என்று மட்டும்தான் யாராவது சொல்லியிருப்பார்கள். சீமை என்றால் இதுபோன்ற ஊர்தான்.

1980-களில் டன்லப்பின் தோட்டங்கள் மலேசியக் கைக்கு வந்தன, டயர்த் தொழில் ஜப்பானிய சுமிட்டோமோவிடம் போனது. அந்தப் பெரிய கட்டடம் வெகுநாள் காலியாகக் கிடந்தது. இப்போது அலுவலகமும் ஹோட்டலும். தாட்சர் காலம், ஊர் முழுக்க வேலையில்லாத இளைஞர்கள். 'ஸ்கம்' தட்டின் முதல் பாட்டே பன்னாட்டுக் கம்பெனிகளைப் பற்றியதுதான். (நான் சம்பளம் வாங்குவதும் அப்படியொரு இடத்தில்தான். தெரிந்தே எழுதுகிறேன்.)

அதே வருடங்களில் இங்கே பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கும் 1986-இல் 17 வயது. எஸ்ஆர்பி-யோடு படிப்பை விட்டுவிட்டுத் தாத்தாவுக்குப் பின்னால் உதிரிப்பழம் பொறுக்கப் போனார். பிறகு நீளக் குழாயில் கட்டிய அரிவாளைத் தூக்கி அண்ணாந்து நின்று குலை வெட்டினார், முப்பது வருடத்துக்கு மேல். இப்போது அவரால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சட்டை போடும்போது அம்மா கையைப் பிடித்து நுழைத்துவிட வேண்டும். அவர் வெட்டிய செம்பனை நிரை ஒன்றில்தான் இன்று என் சர்வர்கள் நிற்கின்றன என்று நினைக்கிறேன். சரியான இடத்தை அப்பாவாலும் காட்ட முடியவில்லை. மண்ணை மட்டமாக்கிவிட்டார்கள்.

குறள் 1062-இல் வள்ளுவர் ஏழு சீருக்குள் உலகைப் படைத்தவனையே அலைந்து கெடச் சொல்கிறார். எங்கள் தோட்டத்துக் கோயிலில் அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தீ மிதித்தார்கள், காவடி எடுத்தார்கள். காரணம் கேட்க யாருக்கும் நேரமில்லை.

எனக்கு நேரம் இருந்தது, பாரமும் கையில் இருந்தது. வேலையால் வந்த உடல்கோளாறுக்கு சொக்சோவில் விண்ணப்பிக்கலாம் என்று நண்பன் சொன்னான். மூன்று வாரமாக அப்பாவின் பின்னால் அலைகிறேன். எந்த வேலை, எத்தனை வருடம், எப்படி வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "வயசாச்சுலா. எல்லாருக்கும்தான் வலிக்குது." அன்று பாட்டைப் போட்டதும் அந்த எரிச்சலில்தான்.

கை கழுவிவிட்டு வந்து அவரே கேட்டார்.

"என்னா சொல்றான் அதுல?"

சொன்னேன். எந்த ஊர்ப் பையன்கள், என்ன வயது, டன்லப் கதை எல்லாமும் சொன்னேன். டன்லப் என்றதும் நிமிர்ந்தார். அவருடைய முதல் சைக்கிளில் டன்லப் டயராம்.

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இத போயி ஏன் இவ்ளோ அவசரமா கேக்கறான்? பதில் சொல்றதுக்குள்ள ஓடிட்டானே."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினார். முதல் நாள் குழாயைத் தூக்க முடியாமல் கீழே போட்டது, தாத்தா முதுகில் அறைந்தது, ஒருமுறை குலை தோளில் விழுந்து இரண்டே நாளில் வேலைக்குத் திரும்பியது, மண்டோரிடம் சொல்லாமல் மறைத்தது. குலை விழுந்த கதையை அம்மாவே அன்றுதான் கேட்டார். நான் பாரத்தில் எழுதிக்கொண்டே போனேன். கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை. "ஏதாச்சும் தப்பா எழுதியிருப்ப, மாமா வந்து படிச்சுப் பாக்கட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார். அந்த நாய் குலைக்கிற பாட்டையும் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம்.