கூம்புக்குள்ள ஒரு புயல்

செங்குன்றம் அரிசி ஆலைப் பக்கமோ, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமோ போனவங்க பாத்திருப்பீங்க. கூரைக்கு மேல பெரிய புனல் மாதிரி ஒரு தகரக் கூம்பு நிக்கும். அதுதான் சைக்ளோன். உள்ள சுத்துற பாகமோ வடிகட்டுற துணியோ எதுவும் கிடையாது. வெறும் கூம்பு!

தூசிக் காத்து மேல ஓரமா நுழையும், சுவரை ஒட்டிச் சுத்திக்கிட்டே இறங்கும். பஸ் வளைவுல திரும்பும்போது நிக்கிறவங்க வெளிப்பக்கமா சாயறாங்கல்ல, அதே கதைதான். கனமான தூசி சுவர்ல மோதி கீழ சறுக்கிடும். காத்து மட்டும் நடுவுல திரும்பி மேல் குழாய் வழியா வெளியேறும். மரம் அறுக்குற ஆலையில இதைப் பாத்துட்டுதான் ஜேம்ஸ் டைசன் வீட்டுக்கு வாக்குவம் கிளீனர் செய்யக் கிளம்பினாரு. 5,127 மாதிரிகள் ஆச்சாம். மனுசனுக்கு என்னா பொறுமை!

கூம்பு ஒல்லியா இருந்தா வளைவு இறுக்கமாகும், சின்னத் தூசியும் மாட்டும். அதனாலதான் ஒரு பெருசுக்குப் பதிலா பல சின்னதை வரிசையா வைக்கிறாங்க. வேகம் நொடிக்கு 15-20 மீட்டர் போதும். ரொம்ப ஏத்தினா படிஞ்ச தூசியே திரும்பக் கிளம்பும், கரண்ட் பில்லும் எகிறும்.

ஆனா நிஜமான வில்லன் அடியில இருக்கு. விசிறி சைக்ளோனுக்குப் பின்னாடி இருந்தா, கூம்போட அடியில உறிஞ்சல் இருக்கும். தூசியை வெளிய தள்ளுற சுழல் வால்வோட ரப்பர் தேஞ்சு கொஞ்சம் இடைவெளி விட்டாலே போச்சு. வெளிக்காத்து உள்ள பாஞ்சு, பிடிச்ச தூசியை மேல தூக்கிட்டுப் போயிடும். நம்மாளுங்க விசிறியைத் திட்டுவாங்க. தவிடு ஒட்டிக்கிட்டா சுத்தியலால நாலு போடு வேற. விழுந்த நசுங்கல்ல இன்னும் ஜாஸ்தி ஒட்டும். தழும்பு விழுந்த கூம்பைப் பாத்தாலே ஆலையோட பராமரிப்பு தெரிஞ்சுடும் :-)

10 மைக்ரானுக்கு மேல நல்லாப் பிடிக்கும். நுரையீரல் ஆழம் வரைக்கும் போற 2.5 மைக்ரான் சங்கதி பெரும்பாலும் தப்பிச்சிடும். அதனால இரும்பு உருக்குற உலைப் புகைக்கு சைக்ளோன் மட்டும் பத்தாது, பின்னாடி பை வடிகட்டி வேணும். தேர்வாய் கண்டிகையில சிப்காட் பூங்காவும் இருக்கு, சென்னைக்குக் குடிதண்ணி தர 2020 நவம்பர்ல திறந்த நீர்த்தேக்கமும் இருக்கு. அங்க இருக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியணும். புகைபோக்கி தெளிவா தெரிஞ்சா ஆபத்தில்லைன்னு அர்த்தம் இல்ல.

மொட்டை மாடியில விரல்ல நெருடுற சாம்பல் விழுதா? அந்த அளவுத் துகள் சைக்ளோன்லயே நின்னிருக்கணும். பக்கத்து ஆலையில கேட்டுப் பாருங்க, அடி வால்வு ரப்பரை கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு.