தனிக்கணக்கு

2020 ஏப்ரல் 20ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரே நாளில் 1,426 பேருக்கு கொரோனா தொற்று உறுதியானது. அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்த்து 16 பேர். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அன்று எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் ஒருவர், "16தான், நல்லா குறைஞ்சிருச்சு" என்ற பொருளில் ஒரு செய்தி போட்டார். கீழே ஏழெட்டுக் கட்டைவிரல்கள்.

அவர் நல்ல மனிதர்தான். செய்தியையும் தப்பாக வாசிக்கவில்லை. சுகாதார அமைச்சின் தினசரி அறிக்கையே அப்படித்தான் பிரிந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவை, சமூகத்தில் பரவியவை, விடுதிகளில் பரவியவை. கடைகளைத் திறப்பதா, பள்ளிகளை எப்போது நடத்துவது என்ற பேச்செல்லாம் நடுவில் இருந்த எண்ணைப் பார்த்து நடந்தது. நாங்களும் அதைத்தான் பார்த்தோம்.

நான் அந்த நடு எண்ணைச் சேர்ந்தவன். என் பெரியப்பா மகன் மூன்றாவது எண்ணைச் சேர்ந்தவர். எங்களுக்கு அறந்தாங்கிப் பக்கம் ஒரே ஊர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என்னைவிட எட்டு வயது மூத்தவர். எனக்கு முன்னாலேயே சிங்கப்பூர் வந்துவிட்டார், கப்பல் பட்டறையில் வெல்டர். நான் பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்கு வந்தவன். என்னிடம் எம்ப்ளாய்மென்ட் பாஸ், அவரிடம் ஒர்க் பெர்மிட். அதனால் நான் சமூகம், அவர் விடுதி.

*

சிங்கப்பூர் தயாராக இல்லாத நாடு என்று யாரும் சொல்ல முடியாது. 2003இல் சார்ஸ் வந்தபோது இங்கே 238 பேருக்குத் தொற்றி 33 பேர் இறந்தார்கள். அந்த அடியை இந்த நாடு மறக்கவே இல்லை. அன்றைக்கு டான் டோக் செங் மருத்துவமனையை சார்ஸுக்கென்றே ஒதுக்கினார்கள். நோயாளி யாரைச் சந்தித்தார் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார்கள். வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு கொடுத்து, வீட்டுக்குள் கேமரா வைத்தும் கண்காணித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கைக்கு ஆளுக்கொரு தெர்மாமீட்டர் வந்தது. பிறகு பதினாறு வருடம் கழித்து, அதே மருத்துவமனைக்கு அருகில் 330 படுக்கைகளோடு தேசியத் தொற்றுநோய் நிலையத்தையும் முறையாகத் திறந்துவைத்தார்கள்.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரு எதிராளியை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. சார்ஸ் பெரும்பாலும் காய்ச்சல் வந்தபிறகுதான் பரவும். நோய் முற்ற முற்ற அதிகமாகப் பரவும். அதனால் மருத்துவமனைதான் களம், தெர்மாமீட்டர்தான் காவல். புதிய வைரஸோ அறிகுறி வருவதற்கு முன்னாலேயே அடுத்தவருக்குப் போனது.

இன்னொரு அனுமானமும் அந்த ஏற்பாட்டுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. "வீட்டில் இருங்கள்" என்று உத்தரவு போட்டால், கேட்பவருக்கு வீடு ஒன்று இருக்கும் என்பது. கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கும், தனியாக இல்லாவிட்டாலும் நாலு பேரோடு பகிர்ந்துகொள்ளும் கழிப்பறை இருக்கும் என்பது.

*

மார்ச் 20ஆம் தேதி ட்ரேஸ்டுகெதர் செயலி வந்தது. புளூடூத்தை வைத்துத் தொடர்புகளைக் கண்டுபிடிக்கும் செயலியை ஒரு தேசம் முழுவதற்கும் முதன்முதலில் கொண்டுவந்த நாடுகளில் சிங்கப்பூர் ஒன்று. ஏப்ரலில் அதன் நிரலைப் பொதுவில் திறந்துவிட்டபோது ராத்திரி உட்கார்ந்து வாசித்தேன். அழகான வேலை. இரண்டு போன்கள் பக்கத்தில் வந்தால் தற்காலிக அடையாள எண்களை மாற்றிக்கொள்ளும். அந்த எண்களும் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். பதிவு போனிலேயே கிடக்கும். தொற்று உறுதியானால்தான் அமைச்சுக்குப் போகும். எங்கே இருந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது, யார் பக்கத்தில் இருந்தீர்கள் என்பது மட்டும் தெரியும். குறைவாகத் தெரிந்துகொண்டு வேலையை முடிப்பது எங்கள் தொழிலில் பெரிய மரியாதைக்குரிய விஷயம்.

தொடர்புத் தடமறிதலை எங்கள் பாஷையில் சொன்னால் அது ஒரு வலை. ஒவ்வொரு ஆளும் ஒரு முடிச்சு. சந்தித்த இருவருக்கும் நடுவில் ஒரு கோடு. ஒரு முடிச்சு சிவப்பானால் அதிலிருந்து போகும் கோடுகளைப் பிடித்துக்கொண்டே போய் அந்த ஆட்களை ஒதுக்கிவைக்கலாம். கோடுகள் குறைவாக இருக்கும்வரை இது பிரமாதமாக நடக்கும்.

அண்ணன் இருந்தது தீவின் மேற்குக் கோடியில் ஒரு விடுதி. ஓர் அறையில் 12 பேர், இரட்டைக் கட்டில்கள். 12 பேருக்குள் 66 கோடுகள் உண்டு. அந்த அறையில் 66உம் தினமும் இருந்தன. அப்போதைய விதிப்படி 15 பேருக்கு ஒரு கழிப்பறை போதும். அங்கே பக்கத்து அறையின் கோடுகளும் வந்து சேரும். பொதுச் சமையலறையில் அந்த மாடியே வந்து சேரும். விடிகாலையில் வேலைக்கு ஏறும் லாரியில் அடுத்த கட்டிடம். இப்படிப்பட்ட வலையில் "யார் யாரைச் சந்தித்தார்கள்" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: எல்லாரும் எல்லாரையும். தடமறிதல் அங்கே தோற்றுப்போனது என்றுகூடச் சொல்ல மாட்டேன். தடம் என்ற ஒன்றே அங்கே கிடையாது.

இது யாருக்கும் தெரியாத ரகசியமா? பிப்ரவரியிலேயே செலேத்தாரில் ஒரு கட்டுமானத் தளத்தில் வங்கதேசத் தொழிலாளர்கள் ஐந்து பேருக்குத் தொற்று வந்தது. அவர்களில் ஒருவர் மாதக்கணக்கில் தீவிர சிகிச்சையில் கிடந்தார். மார்ச் கடைசியில் டிடபிள்யூசி2 என்ற தொழிலாளர் நல அமைப்பு, விடுதி நெரிசலால் வரக்கூடிய ஆபத்தைச் சொல்லி நாளிதழுக்கே கடிதம் எழுதியது. ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலில் ஒன்றும் தோ குவானில் ஒன்றுமாக இரண்டு விடுதிகள் தனிமைப்படுத்தும் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அந்த இரண்டில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர். தீவு முழுக்க விடுதிகளில் இருந்தவர்கள் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல்.

தரவு இல்லாமல் இல்லை. எந்தத் தொழிலாளர் எந்த முதலாளியிடம், எந்த விடுதியில், பெர்மிட் எப்போது முடிகிறது என்பதெல்லாம் அரசின் கணினியில் இருந்தது. அண்ணனைப் பற்றி அவர் மனைவிக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே இருந்திருக்கும். விடுதியில் ஒரு ஆளுக்குக் குறைந்தது எவ்வளவு இடம் என்பதும் விதிமுறைப் புத்தகத்தில்தான் இருந்தது. ஆனால் அது கட்டிட விதியாக ஒரு மேஜையில் கிடந்தது. நோயைப் பற்றி யோசித்தவர்கள் வேறு மேஜையில் இருந்தார்கள்.

*

அதற்குப் பிறகு நடந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரசு வேகமாக இறங்கியது. விடுதிகளுக்கு மருத்துவக் குழுக்கள் போயின. நோயில்லாதவர்களை ராணுவ முகாம்களுக்கும் காலியாக இருந்த வீவக கட்டிடங்களுக்கும் மிதக்கும் தங்குமிடங்களுக்கும் மாற்றினார்கள். எக்ஸ்போ கண்காட்சி அரங்கில் கட்டில் போட்டார்கள். சிகிச்சை இலவசம், சாப்பாடு வந்தது, வேலை இல்லாத மாதங்களுக்கும் சம்பளம் போய்ச் சேர ஏற்பாடு செய்தார்கள். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள் என்பதால் இறப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் நின்றது.

அந்த நாட்களில் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணன் வீடியோ காலில் வருவார். மேல்கட்டிலில் படுத்திருப்பார், தலைக்கு மேல் கயிற்றில் துணி காயும். ஊரில் மார்ச் 24 ராத்திரி நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டையே பூட்டியதும், ஜனங்கள் மூட்டையோடு நெடுஞ்சாலையில் நடந்ததும் அவர் போனில் வந்துகொண்டிருந்தது.

"அங்க இருந்திருந்தா நானும் நடந்துதான் போயிருக்கணும் தம்பி. இங்க சோறு வருது. சாம்பார்ல சீனி போட்ட மாதிரி இருக்கு, ஆனா வருது."

"வேற என்னண்ணே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கதவுதான்..." என்று இழுத்துவிட்டு, பேச்சை மாற்றிப் பிள்ளைகள் படிப்புக்குப் போய்விட்டார்.

ஜூன் மாதம் அவர் போனிலும் ட்ரேஸ்டுகெதர் ஏறியது. என்னிடம், விருப்பம் இருந்தால் பதிவிறக்குங்கள் என்று கேட்டார்கள். விடுதிக்காரர்களுக்கு அது 19ஆம் தேதிக்குள் கட்டாயம். கூடவே பெர்மிட்டைச் சரிபார்க்கும் செயலியில் ஒரு நிறம். பச்சை என்றால் வேலைக்குப் போகலாம், சிவப்பு என்றால் அறையிலேயே இருக்க வேண்டும். அண்ணனுடைய நிறம் ஒருமுறை ஒன்பது நாள் சிவப்பாகவே நின்றது. அவருக்குப் பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்திருந்தது. எங்கோ ஒரு பட்டியலில் அது ஏறவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டால் விடுதி ஆபீஸைக் கேள் என்றார், அங்கே கேட்டால் கம்பெனியைக் கேள் என்றார்கள். என்னைக் கேட்டார், "இது உங்க வேலைதானே தம்பி, இத எப்படிப் பச்சையாக்குறது?" நான் அந்தச் செயலியை எழுதியவன் இல்லை என்று விளக்கினேன். ஆனால் அப்படி ஒரு நிறத்தை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். இரண்டு நிபந்தனை, ஒரு வரி. தப்பாகச் சிவப்பானவர் யாரிடம் போய்ச் சொல்வது என்பதற்குத்தான் ஒரு துறையே வேண்டியிருக்கும்.

டிசம்பரில் அரசு முழுக் கணக்கை வெளியிட்டது. விடுதிகளில் பிசிஆர் பரிசோதனையில் உறுதியானவர்கள் 54,505 பேர். ரத்தப் பரிசோதனையில், முன்பே தொற்று வந்து போயிருந்தது தெரியவந்தவர்கள் இன்னும் 98,289 பேர். சேர்த்தால் விடுதிவாசிகளில் 47 சதவீதம். தினசரி அறிக்கைகளைக் கூட்டினால் வரும் எண்ணைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அண்ணன் அந்த 98,289க்குள் இருந்தார். "எனக்கு வந்து போயிருச்சாம் தம்பி, ரத்தத்துல இருக்காம்" என்றார், பக்கத்து ஊருக்கு யாரோ வந்து போனதைச் சொல்வதுபோல.

*

ஆகஸ்டிலேயே விடுதிகளில் நோய் ஒழிந்ததாக அறிவித்திருந்தார்கள். டிசம்பர் 28ஆம் தேதி சமூகத்துக்கு மூன்றாம் கட்டத் தளர்வு வந்தது. எட்டுப் பேர் வரை ஒன்றாகச் சாப்பிடலாம், நானும் போய்ச் சாப்பிட்டேன். விடுதிக்காரர்களுக்கு வேலையும், நேரம் பதிவு செய்துகொண்டு போகும் பொழுதுபோக்கு நிலையமும்தான். பாதிப் பேர் உடம்பில் எதிர்ப்பு சக்தி இருப்பது சோதித்தே தெரிந்திருந்தது. அப்படியும் வாசல் திறக்கவில்லை. நெரிசலான இடத்தில் மறுபடி பரவினால் கட்டுப்படுத்த முடியாது என்பது காரணம். காரணம் பொய்யில்லை. ஆனால் அந்த நெரிசல் மழைபோல வானத்திலிருந்து விழுந்ததும் இல்லை. 2008இல் செராங்கூன் கார்டன்ஸ்வாசிகள் தங்கள் பகுதிக்கு விடுதி வரக்கூடாது என்று மனுக் கொடுத்தார்கள். விடுதி வந்தது, அதற்குத் தனிப் பாதையும் வந்தது. பெரிய விடுதிகள் பலவும் ஊரின் ஓரங்களில், கடை கண்ணி எல்லாம் உள்ளேயே வைத்து, ஆயிரக்கணக்கானவர்களுக்காகக் கட்டப்பட்டவை.

2021 ஜனவரியில் நாடே கொதித்தது, வேறொரு விஷயத்துக்காக. ட்ரேஸ்டுகெதர் தரவைக் குற்றவியல் விசாரணைக்குப் போலீஸ் எடுக்க முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. தொடர்புத் தடமறிதலுக்கு மட்டும்தான் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். நியாயமான கோபம், என் அலுவலகத்தில் ஒரு வாரம் இதே பேச்சு. ஒரே மாதத்தில், ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. சமூகம் கேட்டால் அரசு எவ்வளவு சீக்கிரம் காது கொடுக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம். அந்த ஒரு மாதத்தில் அண்ணனுடைய கதவைப் பற்றி எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வரிகூட வரவில்லை.

2021 செப்டம்பரில், தடுப்பூசி போட்ட தொழிலாளர்கள் வாரத்துக்கு 500 பேரைச் சில மணி நேரம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். லிட்டில் இந்தியா அந்த இடங்களில் ஒன்று. 3 லட்சம் பேரில் வாரத்துக்கு 500. கணக்குப் போட்டுப் பார்த்த அண்ணன், "எனக்கு முறை வர பத்துப் பதினோரு வருஷம் ஆகும்" என்றார். 2022 ஜூன் 24 முதல்தான் வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டாம் என்றார்கள். அப்போதும் ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போகத் தனிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது.

சமூகம் என்ற சொல்லை முதலில் எழுதியவர் யாரையும் அவமதிக்க நினைத்திருக்க மாட்டார். இரண்டு இடங்களில் நோய் இரண்டு வேகத்தில் பரவியது. பிரித்து எண்ணினால்தான் எது எங்கே நடக்கிறது என்று புரியும். தரவோடு வேலை செய்பவன் என்ற முறையில் நானும் பிரித்துத்தான் எண்ணியிருப்பேன். ஆனால் ஒரு கணக்கில் இருப்பவர்களுக்காக முடிவெடுத்து, இன்னொரு கணக்கில் இருப்பவர்களை வெறுமனே கட்டுப்படுத்த ஆரம்பிக்கும்போது, எண்ணுவதற்காகப் போட்ட கோடு ஆளையே பிரிக்கிற கோடாகிவிடுகிறது. நோய் போனபிறகும் ஏறத்தாழ இரண்டு வருடம் அந்தக் கோடு நின்றது.

*

பாடம் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2021இல் புதிய விடுதிகளுக்கான விதிகளை அறிவித்தார்கள். ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது. ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். கழிப்பறை அறைக்குள்ளேயே, ஆறு பேருக்கு ஒன்று. 2023இல், ஆயிரம் படுக்கைக்கு மேற்பட்ட விடுதிகளுக்கு மட்டும் இருந்த சட்டத்தை ஏழு படுக்கை வரை கீழே இறக்கினார்கள். கட்டிட விதியும் நோய்த் தடுப்பும் கடைசியில் ஒரே மேஜைக்கு வந்திருக்கின்றன. எந்தச் செயலியும் செய்ய முடியாததை இந்தச் சதுர மீட்டர் செய்யும். வலையில் கோடுகளின் எண்ணிக்கையையே குறைக்கும்.

பழைய விடுதிகளுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 2030க்குள் இடைக்காலத் தரம், 2040க்குள் முழுத் தரம். எங்கள் வேலையில் பழைய சிஸ்டத்தை மாற்ற இருபது வருடம் கேட்டால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். விடுதிகளை ஒரே நாளில் இடித்துக் கட்ட முடியாது என்பதும் தெரியும்; அதுவரை மூன்று லட்சம் பேரை எங்கே படுக்கவைப்பது? சார்ஸுக்கும் கொரோனாவுக்கும் நடுவில் பதினேழு வருடம்தான். அடுத்தது 2040 வரை காத்திருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

போன மாதம் அண்ணனிடம் இந்தத் தேதிகளைச் சொன்னேன். அதே விடுதி, வேறு அறை, இப்போது கீழ்க்கட்டில்.

"நாப்பதுல எனக்கு அறுபத்தொண்ணு. ஊர்ல திண்ணையில உக்காந்திருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மச்சான் மகன் ஒருத்தன் வெல்டிங் டெஸ்ட் எழுதியிருக்கான். அவனுக்கு வேணா அந்தப் புது ரூம் கிடைக்கும். எந்த ஏஜென்ட் நல்ல ஏஜென்ட்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார்.