மீன் பாடும் இரவுக்கு ஒரு பயண ஏற்பாடு

மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேனாடு’ என்று சொல்லாத மேடைப் பேச்சாளர் இல்லை. பாடசாலை விழாவிலும், கோயில் அறிவித்தலிலும், திருமண வாழ்த்து மடலிலும்கூட அந்தப் பெயர் வந்துவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பதும் “மீன் உண்மையாகவே பாடுமா?” என்றுதான். இதே கேள்வியை வாவிக்கரைப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். “பாடுமாம்” என்பார்கள். “பாடும்” என்று சொல்வதில்லை.

சமூகப் பணியாளராக எழுவான்கரை, படுவான்கரை இரண்டு பக்கமும் நான் போய் வருகிறவள். மீன் விற்கும், இறால் உரிக்கும், வலை பொத்தும், கருவாடு காயவைக்கும் பெண்களோடுதான் என் வேலை. இவர்களில் மீன் பாடக் கேட்டவர்கள் மிகச் சிலரே. கணவன்மார் கேட்டிருக்கிறார்கள், அண்ணன் தம்பிமார் கேட்டிருக்கிறார்கள். காரணம் சிக்கலானதல்ல. அந்த ஒலி கேட்பது நிலவு காலத்து இரவில், தண்ணீரின் நடுவே, தோணியில். எங்கள் சமூகத்தில் அந்த நேரமும் அந்த இடமும் ஆண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆகவே தோழியரே, வாவியைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக மட்டும் இதை எழுதவில்லை. வாவியிலிருந்து நூறு யார் தூரத்தில் பிறந்து வளர்ந்து, அதைக் கேட்காமலே பேரப்பிள்ளை கண்டவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை, பூரணையை ஒட்டிய இரவுகள்தான் பருவம். மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் வயல் வெள்ளமெல்லாம் இதற்குள் வந்து விழும். தண்ணீர் கலங்கி, உவர்ப்புக் குறைந்து, முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட வேண்டிய நிலை வரும். அப்போது எந்த ஒலியும் கேட்பதில்லை. மழை ஓய்ந்து, வாவி தெளிந்து, காற்றும் அடங்கிய மாதங்களில்தான் அது திரும்பி வருகிறது. “நிலவு காலத்தில தொழிலுக்குப் போறது குறைவு, வாவியில சத்தம் இல்ல, அதுதான் அப்ப வடிவாக் கேக்குது” என்று ஒரு முதிய மீனவர் எனக்கு விளக்கம் சொன்னார். நல்ல விளக்கமாகவே படுகிறது.

இடம் என்றால் எல்லோரும் கல்லடிப் பாலத்தைக் காட்டுவார்கள். பிரித்தானிய ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் ‘லேடி மனிங்’ பாலம் என்று அழைக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம் அது. 2013இல் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆனால் பாலம் வருவதற்கு முன்பும் மீன் பாடியது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1848 செப்ரெம்பரில் இங்கு வந்து, நிலவு எழுந்தபின் மீனவரோடு தோணியில் போய்க் கேட்டார். அவர் கேட்ட இடம் கோட்டைத் துறையிலிருந்து இருநூறு யார் தூரம்தான். நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதம்போல இருந்ததாக 1859இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பலமடங்கு கூடியது என்றும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகும்போது ஒலி மாறியது என்றும் குறித்திருக்கிறார். ஆக, ஓரிடத்தில் கேட்கவில்லை என்று திரும்பிவிடக் கூடாது.

அன்றைய மீனவர் அவருக்குச் சொன்னது இன்னும் சுவையானது. பாடுவது மீனல்ல, ஊரி என்றார்கள். ஊரி என்பது எங்கள் பிள்ளைகள் கரையில் பொறுக்கி விளையாடும் சிறு சங்கு இனம். மீனா, ஊரியா என்ற வாதம் இன்றும் தீரவில்லை. பாடும் உயிர் எது என்பது விஞ்ஞான ரீதியாக உறுதிசெய்யப்படவில்லை. மீன்கள் ஒலி எழுப்புவது மட்டும் அதிசயமல்ல. நாம் வாங்கிச் சமைக்கும் கத்தாளை இனங்களே வயிற்றுக்குள் உள்ள காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ஒலி எழுப்புபவை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சோசலிற்றோ என்ற இடத்தில் படகு வீடுகளில் வசித்தவர்கள், கோடை இரவுகளில் கேட்ட இரைச்சலை ஏதோ இயந்திரத்தின் சத்தம் என்று நினைத்துத் தூக்கமின்றித் தவித்தார்கள். கடைசியில் பார்த்தால், கல்லுக்கடியில் கூடு அமைத்த ஆண் மீன்கள் பெண் மீன்களை அழைத்த ஓசை அது.

1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் எங்கள் வாவியின் ஒலியைப் பதிவுசெய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பானது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோ இதை நீரரமகளிரின் இசையாகக் கண்டு, 1947இல் வெளியான ‘யாழ் நூல்’ என்ற தன் பெரும் ஆய்வில் இடம் கொடுத்தார். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. பகலில் வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு மாலையில் பாலத்துக்கு வரலாம். ஆளுநர் ஆட்சியின் அதிகாரி, துறவி, பேராசிரியர் என்று கேட்டவர்களின் பெயர்கள் எழுத்தில் இருக்கின்றன. ஒரு பெண்ணின் பெயரையும் நான் அதில் காணவில்லை.

போர்க்காலத்தில் ஆண்களுக்கும் இது இல்லாமல் போனது. சோதனைச்சாவடி இருந்த பாலத்தில் இரவில் யார் நின்று காது கொடுப்பது? பிறகு 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து, கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடியை அழித்தது. அதன்பின் தண்ணீர்ப் பக்கமே போகாத பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் சேமிப்புக் குழுவில் இந்தப் பேச்சு வந்தது. முப்பது வருடமாக மீன் விற்கும் ஒரு அக்கா தொடங்கி வைத்தா. “மிஸ், எண்ட கையால எத்தின மீன் போயிருக்கும். ஒண்டும் வாய் திறந்ததில்ல. வீட்டுக்காரருக்கு மட்டும் பாடுதாம்” என்றா. எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் “அப்ப நாங்களும் போனா என்னகா?” என்று இன்னொருத்தி கேட்டாள். பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள்.

போவதற்கு மூன்று மாதம் பிடித்தது. ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் சேர்த்தது சுலபமான பகுதி. வைகாசிப் பூரணை வேண்டாம் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவானது. கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும் வரும் காலத்தில் யார் வாவிக்கு வருவார்கள்? ஆனிப் பூரணை என்று வைத்துக்கொண்டோம். போயா விடுமுறை என்பதால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் வசதி. வீடுகளில் அனுமதி பெறுவதுதான் பெரும் பாடு. “பறுவத்தில குமர்ப் பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு தண்ணிக்குப் போறயா?” என்று ஒரு தாய் என்னிடமே சண்டைக்கு வந்தா. சில கணவன்மார் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஊர் என்ன சொல்லும் என்றார்கள். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத் தாய்க்குப் பக்கத்திலேயே குடியிருத்தும் வழக்கம் உண்டு. அது இங்கே கைகொடுத்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மம்மா அடுத்த வளவில் இருந்தா. மாமியார் வீட்டில் வாழும் பெண்களாயிருந்தால் பாதிப்பேர்கூட வந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

போக நினைக்கும் சங்கங்களுக்குச் சில வார்த்தைகள். தோணிக்காரர் உங்களில் ஒருவருடைய உறவினராக இருக்கட்டும். குடித்திருந்தால் ஏறவேண்டாம், அண்ணனாக இருந்தாலும் சரி. உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் வேண்டும், நீந்தத் தெரிந்தவளுக்கும்தான். வாவியில் முதலை உண்டு, காலைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள். கழிப்பறை வசதி கரையில் எந்த வீட்டில் என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். இதைக் கேட்க வெட்கப்பட்டே பல பயணங்களுக்குப் பெண்கள் வராமல் விடுகிறார்கள். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும், திரும்பும் ஓட்டோவை முன்பே பேசிவைப்பதும் வீட்டாரின் பயத்தைப் பாதி குறைக்கும். ரோச் வெளிச்சமும் கைத்தொலைபேசிப் பாட்டும் வேண்டாம். மீன் பாடுவதைக் கேட்கப் போய்த் தாங்களே பாடிவிட்டு வருகிறவர்கள் நிறையப்பேர்.

அன்று இரவு ஒன்பதரைக்கு இரண்டு தோணிகளில் புறப்பட்டோம். முதல் அரை மணித்தியாலம் ஒன்றுமில்லை. பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள், கரையில் எங்கோ ஒரு வீட்டில் ஒலிபெருக்கி. பாலத்தை விட்டுச் சற்றுத் தள்ளிப் போய், இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருந்தோம். தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் இறக்கி, மறு முனையை மீன் விற்கும் அக்காவின் காதருகே பிடித்தார். இங்கே மீனவர் கேட்கும் முறை அதுதான். அக்கா கண்ணை மூடிக்கொண்டா. நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பை மற்றவளுக்குக் கொடு என்றபோது கையால் தள்ளிவிட்டா.

எனக்குக் கிடைத்தபோது, தம்பூராத் தந்தியை மீட்டி விரலை எடுத்தபின் நிற்கும் ஓசைபோல ஒன்று, நின்று நின்று வந்தது. பாட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பதினான்கு பேரில் ஐந்து பேர் நிச்சயமாகக் கேட்டோம் என்றார்கள். மூன்று பேர் கேட்டதுபோல் இருந்தது என்றார்கள். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. பணம் வீண் என்று யாரும் குறைப்படவில்லை. வாவியின் நடுவிலிருந்து தங்கள் ஊரின் வெளிச்சத்தைப் பார்த்தது அதுவே முதல் தடவை என்றாள் ஒருத்தி.

பெயர் கொடுத்த பதினான்கு பேரைத் தவிர இன்னொரு பெண்ணும் எங்களோடு கரை வரை வந்திருந்தா. நாவலடியில் வீட்டையும் உறவுகளையும் இழந்தவ. தோணியில் ஏறவில்லை. எங்கள் செருப்புகளையும் தேத்தண்ணிப் பிளாஸ்கையும் காவல் காத்துக்கொண்டு கல்லில் இருந்தா. நாங்கள் திரும்பியதும் “கேட்டிச்சா?” என்று மட்டும் கேட்டா.

இந்த வருடம் அவவும் பெயர் கொடுத்திருக்கிறா. தோணி கரையை விட்டுத் தூரம் போகக்கூடாது என்பது அவவுடைய ஒரே நிபந்தனை. அதனால் இம்முறை பாலத்துக்குப் போகவில்லை. புளியந்தீவில், காந்தி பூங்காவுக்குப் பக்கத்துத் துறையிலிருந்து கோட்டைப் பக்கமாகப் போவதாகத் தீர்மானித்திருக்கிறோம். தெரு விளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம், ரெனன்ற் கேட்ட இடமும் அங்கேதான். ஆனிப் பூரணையில் காற்றாக இருந்தால் ஆடிப் பூரணை.