ராஜபாளையம்: குட்டி வாங்கப் போன கதை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். அரை மணிக்குள் ராஜபாளையம். பஞ்சு மில்களின் ஊர், மாம்பழ ஊர். ஆனால் ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அது ஒரே ஒரு விஷயத்துக்கான ஊர்: நாய். 2005-ல் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம் என்பதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. கேட்டைத் தொட்டதுமே உள்ளிருந்து ஒரு குரைப்பு வந்தது பாருங்கள், நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. நல்ல உயரம், என் இடுப்பை எட்டியது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, ஒடுங்கிய வயிறு, அகன்ற நெஞ்சு. பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்ந்த பரம்பரை. தோப்புக்காரர் ஒரு சொல் சொன்னதும் அடங்கிப் படுத்தது. நான் கூப்பிட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இது ஒரு ஆளுக்குத்தான் கட்டுப்படும் தம்பி. வீட்டு ஆளுங்களைத் தெரியும். வெளியாள் தொட்டா பிடிக்காது” என்றார்.

கொட்டகையில் ஏழு குட்டிகள். அதில் துளிக்கூடக் கறையில்லாத வெள்ளைக்குட்டி ஒன்றை மகள் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதைத்தான் எடுத்துப் போவோம் என்று முடிவே செய்துவிட்டாள்.

“தாயி, அதைக் கொஞ்சம் தனியா விடு” என்றவர், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் குட்டியின் பின்னால் நின்று குலுக்கினார். குட்டி அசையவில்லை. இன்னொரு முறை குலுக்கினார். அது பாட்டுக்கு மண்ணை மோந்துகொண்டிருந்தது.

“காது கேக்காது.”

இந்த இனத்தில் இது அடிக்கடி வருகிற குறை. வெள்ளை நிறத்தைக் கொடுக்கும் அதே காரணம்தான். நிறமிச் செல்கள் உள்காதுக்குப் போய்ச் சேராவிட்டால் அங்குள்ள நுண்ணிய அமைப்புகள் சிதைந்து, பிறந்த சில வாரங்களிலேயே செவி போய்விடுகிறது. வாங்க வருகிறவர்கள் எல்லோரும் சுத்த வெள்ளையைத்தான் கேட்கிறார்கள். கூட்டத்தோடு பார்த்தால் குறை தெரியாது. மற்ற குட்டிகள் ஓடினால் இதுவும் ஓடும். நீங்கள் வாங்கப் போனால் ஒவ்வொரு குட்டியையும் தனியே விட்டு, முதுகுக்குப் பின்னால் சத்தம் எழுப்பிப் பாருங்கள்.

சரி, காது கேட்கும் குட்டி ஒன்றைக் கொடுங்கள் அண்ணாச்சி என்றேன். வீடு எங்கே என்று கேட்டார். சென்னையில் மூன்றாவது மாடி என்றதும் சிரித்துவிட்டார்.

“அங்க இவன் என்ன செய்வான்? காலையிலயும் சாயங்காலமும் ஆசை தீர ஓடணும். இல்லேன்னா உங்க சோபாவைத்தான் வேட்டையாடுவான்.”

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை என்பதையும் அவரே சொன்னார். குட்டை முடி, அதனால் வாரம் ஒருமுறை தேய்த்துவிட்டால் போதும். அப்போதே காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்த்துவிடலாம். வெளிர் தோல் என்பதால் உச்சி வெயில் ஆகாது, நிழல் வேண்டும். குட்டிக்குப் பார்வோ ஊசி, அப்புறம் வெறிநாய்க்கடி ஊசி, தவறவே கூடாது. சோறு, கறி, முட்டை போதும்; வெங்காயமும் சாக்லேட்டும் கூடாது. கஷ்டமெல்லாம் நேரம் கொடுப்பதில்தான். சின்ன வயதிலேயே நாலு மனிதர்களைப் பார்த்துப் பழகாவிட்டால், வளர்ந்தபின் தபால்காரர்கூட வாசலுக்கு வர முடியாது.

நல்ல வியாபாரி விற்பார், இவர் மறுத்தார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. மகள் கண்ணில்தான் தண்ணீர்.

“அந்தக் குட்டியை என்ன செய்வீங்க தாத்தா?”

“இங்கதான் இருக்கும். வேலி போட்ட இடம், வண்டி வராது. கூப்பிடறதுக்கு வழி இருக்கு, பாக்கறியா?”

தரையில் காலை ஓங்கித் தட்டினார். மண் அதிர்ந்ததும் குட்டி சட்டென்று நிமிர்ந்து, அவரைப் பார்த்து ஓடிவந்தது. மகளும் தட்டிப் பார்த்தாள். அவளிடமும் வந்தது. அரை மணி நேரம் இதே விளையாட்டு.

திரும்பும் பஸ்ஸில் மடியில் ஒரு கூடை மாம்பழம். சாத்தூர் வரை பேசாமல் வந்தவள் கேட்டாள்:

“நம்ம வீட்டுல தரையைத் தட்டினா கீழ்வீட்டு மாமி திட்டுவாங்க, இல்லப்பா?”