பழவேற்காட்டில் வலை செப்பனிடுவோர்

கிழிந்த வலையைச் சீர்செய்ய உட்காருகிறவர் முதலில் கையில் எடுப்பது கத்தி. கிழிசலின் ஓரமெங்கும் தொங்கும் நூல்முனைகளையும், பாதி அறுந்து ஊசலாடும் கண்களையும், பார்வைக்கு முழுமையாய்த் தோன்றினாலும் விரலால் இழுத்தால் முடிச்சு நழுவிவிடுகிற கண்களையும் ஒவ்வொன்றாக அறுத்து நீக்கி, ஓட்டையை முன்பிருந்ததைக் காட்டிலும் பெரிதாக்கி, பழுதற்ற வலை எங்கே ஆரம்பமாகிறதோ அந்த எல்லைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அவர் ஊசியைத் தொடுகிறார். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இந்தத் தொழிலைப் பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஒரு பிழை நேர்ந்துவிட்டால் அதை எப்படி எதிர்கொள்வது என்பதில், படித்தவர்கள் நடத்தும் பல ஸ்தாபனங்களில் காணக் கிடைக்காத நேர்மையான ஒரு கிரமம் அந்த மணல் தரையில் நிலவுகிறது என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுத முற்பட்டேன்.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் பழவேற்காடு வந்துவிடும். சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று பூகோளப் புத்தகங்கள் கூறுகிற இந்த நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில் சேர்ந்திருக்கிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு வங்கக் கடலை மறித்து நிற்கிறது. ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், 1613-இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தையும், வாசலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும், பருவத்தில் வந்திறங்கும் பூநாரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வலை பின்னும் கூடத்தின் நிழலில் நடக்கிற காரியத்தை நின்று கவனிப்பவர்கள் அபூர்வம்.

அந்தக் காரியத்தின் அவசரம் புரிய வேண்டுமானால், ஏரியின் தென்பகுதியில், விசேஷமாகக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில், வழிவழியாய் இருந்துவரும் 'பாடு' என்ற ஏற்பாட்டைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். இறால் மிகுதியாக ஓடுகிற நீர்த்தடங்கள் சிலவே இருப்பதால், அவற்றுக்காகச் சண்டையிட்டுக் கொள்ளாமல், தலைக்கட்டு உரிமை உள்ள குடும்பங்கள் சீட்டுப் போட்டு, இன்ன தடத்தில் இன்ன முறை இன்னார் என்று வகுத்துக்கொள்கிறார்கள். சவுக்குக் கொம்புகளை நட்டுக் கட்டுகிற வலைக்குள், நீர் வடியும் வேளையில் கடலை நோக்கி இறங்கும் வெள்ளை இறால் வந்து சேர்கிறது. தனக்கு முறை வருகிற இரவில் ஒருவருடைய வலை கிழிந்திருந்தால், மீண்டும் முறை சுற்றி வரும் வரை அந்த வரும்படி போனது போனதுதான். நியாயமான இந்தப் பங்கீட்டின் மறுபக்கம், பழுதுக்கு அது தவணை கொடுப்பதில்லை என்பதே.

நான் அதிக நேரம் அமர்ந்திருந்தது எழுபதைக் கடந்த ஒரு பெரியவரின் அருகில். கண்பார்வை மங்கியதால் இரவில் ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்டவர். ஆயினும் விரல்கள் பார்க்கின்ற பார்வையில் ஒரு குறையும் இல்லை. வலையை மடியில் போட்டு ஓட விட்டுக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி என்னிடம் சொன்னார்:

"ஓட்டை எங்க இருக்குதுன்னு யாரு வேணாலும் சொல்லிடுவாங்க ஐயா. எப்படி வந்துச்சுன்னு பாக்கணும். அது தெரியாம கட்டினா, நாளைக்கே அதே எடத்துல மறுபடியும் வரும்."

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். அடிக்கயிற்றை ஒட்டி, கத்தரித்தாற்போலச் சுத்தமான சிறு வெட்டுகள் கும்பலாக இருந்தால் அது நண்டின் வேலை. நூல் இழுபட்டு மெலிந்து, முனை பிசிறாகி, கிழிசல் நீளவாக்கில் ஓடியிருந்தால், கொம்பிலோ ஏரியின் அடியிலுள்ள ஆளிப் படுகையிலோ வலை சிக்கி இழுக்கப்பட்டிருக்கிறது. அரைவட்டமாய் ஒரு கவளம் போனதுபோல் இருந்தால் பேத்தை மீன் கடித்திருக்கிறது. ஈயக்குண்டுகளின் அருகில் மட்டும் நூல் தேய்ந்திருந்தால், குண்டுகளைக் கட்டிய இடைவெளி சரியில்லை. நூல் எங்கும் அறாமல் முடிச்சு மாத்திரம் அவிழ்ந்து கண் விரிந்திருந்தால், அது நண்டின் குற்றமும் அல்ல, கொம்பின் குற்றமும் அல்ல, கட்டிய கையின் குற்றம். கடைசி இரண்டும்தான் அவருக்கு முக்கியமாகப் பட்டன. நண்டையும் பேத்தையையும் திருத்த முடியாது. தடத்தை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவே. மனிதன் செய்த பிழையையோ திருத்திக்கொள்ள முடியும். ஆகவே அப்படிப்பட்ட கிழிசல் கண்ணில் பட்டால் அதைக் கட்டியவரைக் கூப்பிட்டு, வலையை அவர் கையிலேயே கொடுத்து, விரலால் தடவிப் பார்க்கச் சொல்கிறார். அதட்டலும் கிடையாது, ஏளனமும் கிடையாது.

இனி, கட்டுகிற விதத்தைச் சொல்கிறேன். நல்ல வலையில் ஒவ்வொரு முடிச்சிலும் நான்கு நூல்கள் வந்து கூடுகின்றன. கிழிசலைச் சுற்றி அறுத்துக்கொண்டே போகும்போது, ஓரத்திலுள்ள முடிச்சுகளில் இரண்டிரண்டு நூல்கள் மட்டும் மிஞ்சும்படி வெட்ட வேண்டும். ஆனால் மேலே ஒரு முடிச்சிலும் கீழே ஒரு முடிச்சிலும் மும்மூன்று நூல்களை விட்டுவைக்க வேண்டும். மேலே மூன்று நூல் நிற்கிற முடிச்சில் புதிய நூலைக் கட்டித் தொடங்கி, வரிசை வரிசையாகக் கண்களைப் பின்னிக்கொண்டு வந்தால், கீழே மூன்று நூல் நிற்கிற முடிச்சில் போய் வேலை தானாகவே முடிந்துவிடும். நடுவில் நூலை ஓரிடத்திலும் வெட்டி ஒட்ட வேண்டியிருக்காது. வெட்டுவதில் கணக்குத் தவறினால், ஒரு கண் அதிகமாகவோ ஒரு கண் குறைவாகவோ வந்து நிற்கும். ஆகையால் திருத்தத்தின் சாமர்த்தியம் பின்னுவதில் பாதியென்றால், எங்கே வெட்டுவது என்று தீர்மானிப்பதில் மறுபாதி இருக்கிறது. எதை அறுப்பது என்ற தீர்மானத்துக்காகவே பெரியவர் நெடுநேரம் வலையைப் புரட்டிக்கொண்டிருந்தார்; பின்னுவதோ பேசிக்கொண்டே நடந்தது.

அன்று மாலை முறை இருந்த ஓர் இளைஞர் இந்தக் கிரமத்தைச் சுருக்கப் பார்த்தார். உள்ளங்கை அகலமுள்ள ஒரு கிழிசலின் இரு ஓரங்களையும் சேர்த்து இழுத்து, நாலைந்து முடிச்சுகளில் அடைத்துவிட்டு வலையைச் சுருட்டப் போனார். பெரியவர் அந்த இடத்தைக் கேட்டு வாங்கி, இரு கைகளாலும் அகலமாக இழுத்துப் பிடித்தார். அடைத்த இடம் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி ஒரு முழ தூரத்துக்குக் கண்களெல்லாம் கோணிக்கொண்டு, சில இறுகிச் சில தளர்ந்து நின்றன.

"அறுத்துடு தம்பி."

"இது நிக்கும் பெரியப்பா. ராத்திரிக்கு வேணும்."

"இது நிக்கும். பக்கத்துல இருக்கறது நிக்காது."

இளைஞர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து அறுக்கத் தொடங்கினார். இந்தத் தொழிலின் சாஸ்திரம் முழுவதும் பெரியவர் சொன்ன அந்தப் பதிலில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. வலையின் மேல் விழுகிற நீரின் இழுப்பைக் கண்கள் எல்லாம் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வரையில்தான் வலை வலையாக இருக்கிறது. சுருக்கிக் கட்டிய கண் தன்னைச் சுற்றியுள்ள கண்களை இழுக்கிறது. அவை தங்களுக்கு உரியதற்கு மேலான பாரத்தைச் சுமக்கின்றன. அடுத்த கிழிசல் அங்கேதான் உண்டாகிறது. தளர்த்திக் கட்டிய கண்ணோ இறாலுக்கு வழிவிடுகிறது. பிழையை மறைத்தவருக்குத் தண்டனை அந்தப் பிழை இருந்த இடத்தில் கிடைப்பதில்லை. பழுதில்லாமல் இருந்த இடத்தில் கிடைக்கிறது.

பெரிய கிழிசல்களுக்குப் பின்னுவது கட்டுப்படியாகாது. அப்போது பழைய வலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, ஓட்டையையும் சதுரமாக்கி, கண்ணுக்குக் கண் இணைத்து ஒட்டுப் போடுகிறார்கள். இதில் புதியவர்கள் தவறாமல் செய்கிற பிழை ஒன்று உண்டு என்றார் பெரியவர். நெய்த துணிக்குப் பாவும் ஊடையும் இருப்பதுபோல வலைக்கும் ஓட்டம் உண்டு. பின்னிய நூல் ஒரு திசையில் ஓடுகிறது, முடிச்சுகள் அந்தத் திசைக்கு ஏற்ப இறுகுகின்றன. ஒட்டுத் துண்டைக் குறுக்காகத் திருப்பி வைத்துவிட்டால், கண்ணின் அளவு ஒத்திருந்தாலும், நூலின் பருமன் ஒத்திருந்தாலும், இழுப்பு வேறு திசையில் விழுந்து முடிச்சுகள் நெகிழத் தொடங்கும்; கண்களும் சரியாக விரியா. மேலும், வலையை மேல்கயிற்றில் கோக்கும்போது நீட்டிய நீளத்துக்கே கோத்தால் கண்கள் மூடிக்கொள்ளும். மீன் செருகிப் பிடிபடுகிற வலைகளில் ஏறக்குறையப் பாதி நீளக் கயிற்றில் சுருக்கிக் கோத்தால்தான் கண் சாய்சதுரமாய்த் திறந்து நிற்கும். இந்த விகிதத்தில் தவறினால் கிழிசல் ஒன்றுமில்லாத வலையும் வெறுமனே வரும். பள்ளிக்கூடம் காணாத பலர் இந்தக் கணக்கை முழத்தாலும் விரற்கடையாலும் போடுகிறார்கள்.

நூல் மாறியபோது கைகளும் மாற வேண்டியிருந்தது. பெரியவரின் சிறுபிராயத்தில் பருத்தி நூலும் சணப்பு நூலும்தான் வலைக்கு. அவை உப்புநீரில் சீக்கிரம் உளுத்துப் போகுமாதலால், பனிச்சங்காய்ச் சாற்றிலோ மரப்பட்டைக் கஷாயத்திலோ தோய்த்துக் காயவைத்து ஆயுளை நீட்டுவார்கள். 1950-களின் பிற்பகுதி தொடங்கி நைலான் நூல் இந்தியக் கடற்கரைகளில் பரவிற்று. மீன்பிடிக் கருவிகளையும் ஆராய்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் 1957-இல் கொச்சியில் தோன்றிய காலம் அது. நனைந்தால் ஊறி இறுகுகிற பருத்திக்குப் போதுமாக இருந்த ஒற்றை முடிச்சு, வழுவழுப்பான நைலானில் நிற்கவில்லை. முழு வலையும் கண் கண்ணாக அவிழ்ந்துபோன நஷ்டத்தைத் தம் தகப்பனார் பட்டதாகவும், அதன் பிறகே இரட்டை முடிச்சு போடும் பழக்கம் தம் வீட்டில் வந்ததாகவும் பெரியவர் சொன்னார். இன்றும் அந்த இரட்டை முடிச்சை அவர் விரல்கள் நினைத்துப் பார்க்காமலே போடுகின்றன.

பழவேற்காட்டின் வேறு இரண்டு கைத்தொழில்களை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தேன். ஊருக்குள் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டிகளும் கூடைகளும் முடைகிறார்கள். மிக நேர்த்தியான வேலை. ஆனால் மடித்த ஓலையைப் பிரித்தால் மடிப்பின் தழும்பு போகாது. ஆதலால் அங்கே ஜாக்கிரதையெல்லாம் முடைவதற்கு முன்பே, ஓலையை ஒரே அகலமாகக் கிழிப்பதிலும் பதமாக நனைப்பதிலும் செலவாகிறது. மற்றொன்று, டச்சுக்காரர்கள் காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, ஊரின் பெயராலேயே அழைக்கப்பட்ட கட்டம்போட்ட கைக்குட்டைகள். அவற்றின் இனத்தைச் சேர்ந்த மதராஸ் துணியில் சாயம் போகிற குறையை, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க வியாபாரிகள், சாயம் கசியும் என்பதற்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து, நாகரிகமாகவே மாற்றிவிட்டார்கள். துணிக்கு அப்படியொரு வழி கிடைத்தது. நீருக்குள் இறங்குகிற வலைக்குக் குறை எப்போதும் குறைதான். எனவே திருத்துகிற கலை இந்தத் தொழிலில்தான் பூரணமாக வளர்ந்திருக்கிறது.

அந்தக் கலை இப்போது சுருங்கி வருகிறது. கண்ணாடிபோல் ஒளிரும் ஒற்றை இழைத் தங்கூசி வலை மலிவு; தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, மீன் அதிகம் விழும்; ஆனால் அதைச் செப்பனிடுவது கடினம், செப்பனிடுகிற கூலிக்குப் புதியதே வந்துவிடும். கிழிந்ததும் எறிந்துவிடுகிறார்கள். எறிந்த வலை மக்குவதில்லை. ஏரியின் அடியில் கிடந்து, எடுப்பார் இல்லாமலே நண்டையும் மீனையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கிறது. வறுமையில் இருப்பவர் மலிவானதை வாங்குவதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு வேறு வழி காட்ட வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

பழவேற்காட்டுக்கு அருகில் பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கல்லூரியின் அதிகாரிகளுக்கும் மீன்வளத் துறையினருக்கும் என் விண்ணப்பம் இது: இந்தக் குப்பங்களில் வலை செப்பனிடும் முதியவர்களைத் தகுந்த சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அழையுங்கள், கிழிசலைப் பார்த்து அதன் காரணத்தைச் சொல்லும் அவர்களுடைய அறிவை, அவர்கள் இருக்கும்போதே படம் எடுத்தும் எழுதியும் வையுங்கள், புது வலை வாங்க மானியம் தருவதுபோல, பழைய வலையைச் செப்பனிடும் கூலிக்கும் மானியம் கொடுங்கள். கிழிந்த தங்கூசி வலையை ஏரியில் எறியாமல் கரைக்குக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு ஒரு சிறு தொகை கிடைக்கும்படியும் செய்ய வேண்டும்.