பேய் நிற்கும் இடம்

திகில் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) வரைய ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதல் நாளே பேய் முகம் வரையத் துடிக்கிறார்கள். நான் அவர்களைப் பழைய ஜப்பானிய வீட்டுக் குளியலறை ஒன்றை வரையச் சொல்வேன். மரத்தொட்டி, பலகை இடுக்கில் படிந்த அழுக்கு, ஈரம் ஊறிய தரை, பாதி திறந்த கதவு. இவை சரியாக வந்த பிறகுதான் அகாநாமே அங்கே வரும். ஆளில்லாத இரவில் குளியலறை அழுக்கை நக்கித் தின்னும் யோகாய், அதாவது ஜப்பானிய நாட்டார் கதைகளில் வரும் அமானுஷ்ய உயிர், அது. தொரியாமா செகியென் 1776-இல் வெளியிட்ட யோகாய்ச் சித்திர நூலிலேயே அது இருக்கிறது, நீண்ட நாக்கோடு. அழுக்கு மூலை இல்லாத வீட்டில் அதற்குப் பிழைப்பே இல்லை.

ஜப்பானிய நாட்டார் கதைகளிடம் திகில் ஓவியர் கற்க வேண்டிய முதல் பாடம் இது. அங்கே ஒவ்வொரு அமானுஷ்யத்துக்கும் ஓர் இடமும் ஒரு பழக்கமும் உண்டு. ஆற்றோரத்தில் பயறு கழுவும் ஓசை மட்டும் கேட்டால் அது அசுகியாராய். இருட்டுப் பாதையில் தனியே நடப்பவரின் பின்னால் காலடிச் சத்தமாக வருவது பெத்தோபெத்தோ-சான். ஓரமாக ஒதுங்கி ‘நீங்கள் முன்னே போங்கள்’ என்றால் சத்தம் கடந்து போய்விடும். அந்தப் பாதையின் நீளத்தையும் இருட்டையும் வரையத் தெரியாதவர், அந்தச் சத்தத்தை எங்கே வைப்பார்?

கண்ணுக்குத் தெரியாத இப்படிப்பட்டவற்றுக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் மங்கா ஓவியர் மிசுகி ஷிகெரு (1922–2015). தொத்தோரி மாகாணத்தின் சகாய்மினாத்தோவில் வளர்ந்தவர். நோன்னோன்பா என்று அவர் அழைத்த மூதாட்டி, கூரையில் தெரியும் கறை தெஞ்சோநாமே என்ற யோகாய் நக்கிய தடம் என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் ரபவுல் பகுதியில் இடக்கையை இழந்தார் மிசுகி. ஊர் திரும்பிய பின் ஒற்றைக் கையால் வரைந்துதான் ‘கெகெகே நோ கிதாரோ’ என்ற யோகாய் மங்காவை உருவாக்கினார். அவர் உருவம் கொடுத்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு: நாட்டாரியல் அறிஞர் யானகிதா குனியோ பதிவு செய்த நுரிகாபே, இரவில் நடப்பவரைத் திடீரென மறிக்கும் ஒரு தடை. கோலால் அதன் அடியைத் தட்டினால் மறையும், மேலே தட்டினால் பயனில்லை. மிசுகி அதற்குக் கண்களும் கைகால்களும் வைத்துப் பெரிய சுவராக்கினார். இன்று ஜப்பானியக் குழந்தைகளின் மனதில் நிற்பது அந்தச் சுவர்தான்.

மிசுகியின் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்து பழகியிருக்கிறேன். மனிதர்களை நாலைந்து கோடுகளில் முடித்துவிடுவார். பின்னணிக்கு வந்தால் இலை இலையாக, கல் கல்லாக, புள்ளி மேல் புள்ளியாக மையை அடுக்குவார். மரமும் கல்லும் இத்தனை உண்மையாக இருக்கும்போது அவற்றினிடையே நிற்கும் யோகாயை நம்பாமல் இருக்க முடிவதில்லை.

இடத்தை நம்ப வைத்த பிறகு வருவது பக்கத்தைத் திருப்பும் கணம். ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாக ஓடுகிறது. இடப்பக்கத்தின் கீழ் இடமூலையில் இருக்கும் கடைசிக் கட்டம்தான் வாசகரின் கையைத் தாளுக்கு இழுக்கிறது. அங்கே ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள், அவள் பார்த்தது தாளுக்குப் பின்னால் இருக்கிறது. ‘தோமியே’, ‘உசுமாகி’ ஆகிய திகில் மங்காக்களைத் தந்த இதோ ஜுன்ஜி இதில் தேர்ந்தவர். அதற்கு முந்தைய கட்டங்களில் அவர் அவசரமே காட்டுவதில்லை: தெரு, வீட்டு முகப்பு, படிக்கட்டு, ஒரு கை. தமிழில் வரையும்போது இந்தக் கணக்கை வலப்பக்கத்தின் கீழ் வலமூலைக்கு மாற்றிக்கொள்கிறேன். பேச்சு பலூன்களையும் அந்த மூலையை நோக்கியே இறக்குகிறேன்.

மூன்றாவது, கறுப்பு. மருயாமா ஓக்யோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 18-ஆம் நூற்றாண்டுப் பேய் ஓவியங்களில், வெள்ளை ஆடையும் அவிழ்ந்த கூந்தலுமாக நிற்கும் பெண் இடுப்புக்குக் கீழே மெல்லக் கரைந்து போகிறாள். கால் இல்லை. எதை வரையாமல் விடுவது என்பதும் வரைவதன் பகுதி என்று எனக்குப் புரிய வைத்தவை அவை. கறுப்பும் அப்படி வரையாமல் விடும் இடம்தான். மையால் நிரப்பும் ஒவ்வொரு இருட்டையும் இங்கே கதவு இருக்கிறதா, சுவர் இருக்கிறதா, ஆள் நிற்க இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டே நிரப்ப வேண்டும். ஓவியருக்கே தெரியாத இருட்டு, தாளில் வெறும் கறையாகத்தான் விழும்.

அதனால்தான் இளையவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பேய்ப் படங்களைப் பார்க்கும் அளவுக்கு வீடுகளையும் பாருங்கள். மரப்படி எங்கே தேயும், காகிதக் கதவில் வெளிச்சம் எப்படி விழும், கிணற்றின் உட்சுவரில் பாசி எந்த உயரத்தில் நிற்கும் என்று வரைந்து பழகுங்கள். பல தலைமுறைகள் தாங்கள் வாழ்ந்த இடங்களை உற்றுப் பார்த்து உண்டாக்கியவை இந்தக் கதைகள். அதே உற்றுப் பார்த்தலைக் கொடுக்காமல் அவற்றை வரைய முடியாது. கொடுத்தவரின் பக்கத்தில் பயம் தானாக வந்து நிற்கும்.